‘பார்ட்னர்’ என்கிறார்கள்... கஸ்டமர் நம்பர் யார் கையில்? வாட்ஸ்அப் சேலை குரூப் முதல் அமேசான் வரை ஓர் அலசல்

காலை 10 மணி ஆனால் போதும், போன் அதிர ஆரம்பித்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சேலைக்கு எட்டு கலர், எட்டு போட்டோ. கீழே ஒரு வரி: “சாஃப்ட் சில்க், 650 + $, சிங்கிள்ஸ் அவைலபிள், ரீசெல்லர்ஸ் வெல்கம்.”

அந்த டாலர் குறிக்கும் அமெரிக்காவுக்கும் சம்பந்தம் இல்லை. கூரியர் செலவு தனி என்பதற்கு இந்த வியாபாரத்தில் போடும் அடையாளம் அது. ‘சிங்கிள்ஸ்’ என்றால் மொத்தமாக வாங்க வேண்டியதில்லை, ஒரு சேலை கூட அனுப்புவோம் என்று அர்த்தம். கடைசியில் உள்ள ‘ரீசெல்லர்ஸ் வெல்கம்’ என்பதை நம்பித்தான் தமிழ்நாட்டில் ஏராளமான பெண்கள் கடை போடாமல், சரக்கு வாங்கி வைக்காமல், ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறார்கள்.

“நீங்க எங்க பார்ட்னர் மாதிரி”, “இது ஒரு ஃபேமிலி”, “நம்ம கம்யூனிட்டி” என்றெல்லாம் குரூப்பில் சேரும்போது சொல்வார்கள். பெரிய ஆன்லைன் தளங்களும் இதையேதான் சொல்கின்றன. பொருள் விற்பவர் ‘செல்லர் பார்ட்னர்’, கொண்டு வந்து கொடுப்பவர் ‘டெலிவரி பார்ட்னர்’.

ஆனால் சட்டத்தில் கூட்டு என்பதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது. 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாக ஒப்புக்கொண்டவர்களுக்கு இடையிலான உறவுதான் கூட்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் மேலே சொன்ன யாரும் பார்ட்னர் இல்லை. சரி, சட்டம் கிடக்கட்டும். நடைமுறையில் யார் நிஜமான பார்ட்னர், யார் பேச்சுக்கு பார்ட்னர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு இரண்டு கேள்விகள் போதும். கஸ்டமரின் போன் நம்பர் யாரிடம் இருக்கிறது? சேலை திரும்பி வந்தால் காசு யாருக்குப் போகிறது?

சங்கிலி எப்படி ஓடுகிறது?

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை, சேலை உற்பத்திக்குப் பெயர் போன ஊர். அங்கே ஒரு உற்பத்தியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 650 ரூபாய்க்கு ஒரு சேலையை குரூப்பில் போடுகிறார். திருநெல்வேலியில் இருக்கும் ரீசெல்லர் அந்த போட்டோவை எடுத்து, 150 ரூபாய் சேர்த்து, தன் ஸ்டேட்டஸில் 800 என்று வைக்கிறார். ஓசூரில் இருக்கும் ஒருவர் “அக்கா, அந்த மெரூன் கலர் இருக்கா?” என்று கேட்கிறார். இருக்கிறது. கஸ்டமர் ரீசெல்லருக்கு ஜிபே செய்கிறார். ரீசெல்லர் 650 ரூபாயையும் கூரியர் காசையும் உற்பத்தியாளருக்கு முன்பணமாக அனுப்புகிறார். சேலை இளம்பிள்ளையில் இருந்து நேராக ஓசூருக்குப் போகிறது.

பார்சலின் மேல் ‘அனுப்புநர்’ இடத்தில் ரீசெல்லரின் பெயர் இருக்கும். உற்பத்தியாளர் பெயர் எங்கும் இருக்காது. டிராப் ஷிப்பிங் என்று சொல்வது இதைத்தான்.

கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? முதலீடு இல்லை, குடோன் இல்லை, பேக்கிங் வேலை இல்லை. 2020 ஊரடங்கு காலத்தில் இந்த வழி இன்னும் வேகமாகப் பரவியதற்குக் காரணமும் அதுதான். வேலை போனவர்கள், கடையை மூடியவர்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாதவர்கள் என்று பலருக்கும் இது கைகொடுத்தது.

அந்த லேபிளில்தான் விஷயம்

மேலே சொன்ன சங்கிலியில் ஒரு இடத்தை நாம் வேகமாகக் கடந்துவிட்டோம். சேலையை ஓசூருக்கு அனுப்ப வேண்டும் என்றால் ஓசூர் கஸ்டமரின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் ரீசெல்லர் உற்பத்தியாளருக்குக் கொடுத்தாக வேண்டும். வேறு வழியே இல்லை.

அதாவது ஒவ்வொரு ஆர்டரிலும் ரீசெல்லர் 150 ரூபாய் சம்பாதிக்கிறார். கூடவே, தன்னிடம் உள்ள ஒரே சொத்தையும் எடுத்துக் கொடுக்கிறார். அந்த கஸ்டமரைப் பிடிக்க அவர் எத்தனை நாள் ஸ்டேட்டஸ் வைத்திருப்பார், எத்தனை முறை “நாளைக்கு சொல்றேன் அக்கா” என்ற பதிலைக் கேட்டிருப்பார்! உற்பத்தியாளருக்கோ ஆறு மாதத்தில் ஆயிரக்கணக்கான நம்பர்கள் சேர்ந்துவிடும். ‘நேரடி உற்பத்தி விலையில் சேலைகள்’ என்று ஒரு புது குரூப் ஆரம்பித்து அத்தனை பேரையும் சேர்க்க அரை மணி நேரம் கூட ஆகாது. பார்சலுக்குள் ஒரு விசிட்டிங் கார்டை வைத்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

“என் கஸ்டமரை அவரே தூக்கிட்டார்” என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் புலம்பல். இதைத் தடுக்கும் ஒப்பந்தம் எதுவும் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. உற்பத்தியாளரின் நாணயம் மட்டும்தான் காவல். ஆகவே அதைச் செய்யாத உற்பத்தியாளரே இங்கே உண்மையான பார்ட்னர். கஸ்டமர் தப்பித்தவறி அவருக்கே நேராக போன் செய்தாலும், “நீங்க வாங்கினவங்க கிட்டயே கேளுங்கம்மா” என்று திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் ரீசெல்லர்கள் வருடக்கணக்கில் இருப்பார்கள். பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று இன்னொருவர் கூப்பிட்டாலும் போகமாட்டார்கள்.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். ரீசெல்லர்கள் எல்லோரும் பாவப்பட்டவர்கள் என்று எழுதினால் உற்பத்தியாளர்கள் சிரிப்பார்கள். காசு காட்டி செலவு செய்து எடுத்த போட்டோவில் லோகோவை அழித்துவிட்டு இன்னொரு உற்பத்தியாளரிடம் கொடுத்து, “இதே மாதிரி கம்மியா பண்ணித் தர முடியுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. பத்து பீஸ் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் போன் எடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. எல்லோரும் 800-க்கு விற்கும்போது ஒருவர் மட்டும் 690-க்குப் போட்டு ‘ரேட்டை உடைப்பது’ தனிப் பஞ்சாயத்து. அந்த ஒருவரால் மற்ற ரீசெல்லர்கள் கஸ்டமரிடம் கொள்ளைக்காரர்களாகத் தெரிவார்கள்.

பெரிய தளங்களிலும் இதே கதைதான்

இளம்பிள்ளை உற்பத்தியாளர் இடத்தில் ஒரு பெரிய நிறுவனத்தை வைத்துப் பாருங்கள். சண்டை அப்படியே இருக்கும், தொகை மட்டும் கோடிகளுக்கு மாறும்.

மீஷோ நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2015-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் வளர்ந்ததே ரீசெல்லர்களை வைத்துத்தான். வீட்டில் இருக்கும் பெண்கள் ஆப்பில் உள்ள படங்களை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து, தங்கள் லாபத்தைச் சேர்த்து விற்றார்கள். பிறகு நிறுவனம் நேரடியாக கஸ்டமருக்கு விற்கும் பாதைக்கு மாறியது. 2021-ல் விற்பனையாளர்களுக்குக் கமிஷன் இல்லை என்ற திட்டத்தையும் கொண்டு வந்தது. 2025 டிசம்பரில் பங்குச்சந்தையிலும் நுழைந்துவிட்டது. வியாபாரக் கணக்கில் இதில் தவறு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் இருந்த ரீசெல்லர் என்ன ஆவார்? அவர் 800 என்று சொல்லும் அதே சேலையை கஸ்டமர் ஆப்பில் தேடினால் குறைந்த விலைக்குக் கிடைத்துவிடும். மாற்றத்தை முடிவு செய்தது நிறுவனம். ரீசெல்லரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் விற்பவர்களுக்கோ கஸ்டமரின் போன் நம்பர் பெரும்பாலும் கண்ணிலேயே படாது. யார் எதைத் தேடினார்கள், எந்த விலையில் தயங்கினார்கள், எந்த ஊரில் எது அதிகம் போகிறது என்ற தகவல் எல்லாம் தளத்திடம் இருக்கும். அந்தத் தளமே, அல்லது அதற்கு நெருக்கமான ஒரு நிறுவனமே அதே பொருளை விற்க ஆரம்பித்தால்?

இந்தியாவில் பல வருடங்களாக நடக்கும் மோதலே இதுதான். 2019 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்த அந்நிய முதலீட்டு விதிகள், தளத்துக்குப் பங்கு இருக்கும் நிறுவனம் அதே தளத்தில் பொருள் விற்கக் கூடாது என்று சொன்னன. 2020 ஜனவரியில், டெல்லி வியாபாரிகள் அமைப்பு கொடுத்த புகாரின் பேரில் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது இந்தியப் போட்டி ஆணையம். குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்கு மட்டும் தனிச் சலுகை காட்டப்படுகிறது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. இரு நிறுவனங்களும் இதை மறுத்து வருகின்றன. அமேசானும் நாராயண மூர்த்தியின் கேட்டமரன் நிறுவனமும் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனத்தின் கீழ் இருந்த ‘கிளவுட்டெயில்’, அமேசானின் மிகப்பெரிய விற்பனையாளர்களில் ஒன்று. அந்தக் கூட்டு 2022 மே மாதத்தோடு முடித்துக்கொள்ளப்பட்டது.

ஐரோப்பாவில் கேள்வி இன்னும் நேரடியாகவே வந்தது. மற்ற விற்பனையாளர்களின் வெளியில் தெரியாத விவரங்களைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்தமாட்டேன் என்று அமேசான் கொடுத்த உறுதிமொழியை, 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒன்றாக ஆக்கியது. திருநெல்வேலி ரீசெல்லர் இளம்பிள்ளைக்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்கும் அதே உறுதிமொழிதான் இது!

சேலை திரும்பி வந்தால்?

இப்போது இரண்டாவது கேள்வி. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ரீசெல்லர் பத்து சேலை விற்கிறார். ஒன்றுக்கு 150 வீதம் 1,500 ரூபாய் லாபம் வர வேண்டும். அதில் ஒரு சேலையில் ஜரிகை அறுந்திருக்கிறது. கஸ்டமருக்கு 800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். உற்பத்தியாளர் “இங்கிருந்து போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு” என்று கைவிரித்துவிட்டால், அவருக்குக் கொடுத்த 650 ரூபாய் போனது போனதுதான். திருப்பி அனுப்பும் கூரியருக்கு 70 ரூபாய் என்று வைப்போம். மற்ற ஒன்பது சேலையில் வந்த 1,350 ரூபாயில் இந்த 720-ஐக் கழித்தால் மிச்சம் 630. பாதிக்கு மேல் காலி. உற்பத்தியாளர் சேலையை ஏற்றுக்கொண்டு 650-ஐத் திருப்பிக் கொடுத்தால் மிச்சம் 1,280. ஒரே ஒரு டேமேஜ் சேலை, எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இதற்குப் பயந்துதான் பல குரூப்பில் “நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கொஞ்சம் இறங்கி வந்தால், “பார்சல் ஓப்பனிங் வீடியோ கட்டாயம், கட் இல்லாமல் எடுக்கணும்.” ஆனால் இந்த போர்டு எல்லாம் சட்டத்தின் முன்னால் எவ்வளவு தூரம் நிற்கும்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலவரம்பு எழுதியிருந்தால் அதற்குள், எழுதவில்லை என்றால் 30 நாட்களுக்குள் தர வேண்டும். வீடியோ எடுத்தால்தான் தருவோம் என்ற நிபந்தனை எதுவும் சட்டத்தில் கிடையாது. ஆனால் சேதம் எப்போது நடந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம். எனவே எடுத்து வைப்பது கஸ்டமருக்குத்தான் லாபம். அதே நேரம், ‘கலர் பிடிக்கல, வீட்டுக்காரர் வேணாங்கிறார்’ என்பதெல்லாம் குறைபாட்டில் வராது. அது கடைக்காரர் விருப்பம்.

இங்கேதான் ரீசெல்லர் மாட்டிக்கொள்கிறார். ஓசூர் கஸ்டமர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் ரீசெல்லர் உற்பத்தியாளர் மீது அங்கே போக முடியாது. மறுவிற்பனைக்காக வாங்குபவர் அந்தச் சட்டப்படி ‘நுகர்வோர்’ இல்லை. அவருக்கு இருப்பது சாதாரண ஒப்பந்த வழக்கு மட்டும்தான். 650 ரூபாய்க்காக யார் சிவில் கோர்ட்டுக்குப் போவார்கள்? அதுவும் பில்லே இல்லாமல்!

கீழே இருந்து கஸ்டமர் பிடிக்கலாம், மேலே தான் யாரையும் பிடிக்க முடியாது என்ற இந்த நடுநிலைதான் ரீசெல்லர் வேலையின் உண்மையான ரிஸ்க். ‘முதலீடே இல்லாத தொழில்’ என்று ரீல்ஸில் சொல்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை.

கம்யூனிட்டியா, நோட்டீஸ் போர்டா?

அடுத்து அந்த ‘கம்யூனிட்டி’ விவகாரம். நீங்கள் இருக்கும் சேலை குரூப்பைத் திறந்து பாருங்கள். கீழே, ‘அட்மின்கள் மட்டுமே மெசேஜ் அனுப்ப முடியும்’ என்று வருகிறதா? வந்தால் அது நோட்டீஸ் போர்டு. வாட்ஸ்அப் 2022-ல் கொண்டுவந்த ‘கம்யூனிட்டி’ வசதியின் அறிவிப்புக் குழுவில் ஒரு உறுப்பினரின் நம்பர் இன்னொரு உறுப்பினருக்குத் தெரியாது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான். எல்லோரையும் பேச விட்டால் இரவு 12 மணிக்கு ‘குட் நைட்’ படம் வரும், போட்டி ரீசெல்லர் உள்ளே புகுந்து ஆள் பிடிப்பார் என்று அட்மின்கள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒரு விளைவு உண்டு. உங்களுக்கு வந்த சேலை சாயம் போனால், அதே சேலை வாங்கிய மற்ற 40 பேருக்கும் போனதா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. குரூப்பில் வருவது எல்லாம் “ரிசீவ்டு அக்கா, சூப்பர் குவாலிட்டி” ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். நல்லதை மட்டும் பொறுக்கிப் போட்டால் அது விளம்பரம். குறையையும் குரூப்பிலேயே வைத்து, “இந்த பேட்ச்ல சாயம் போகுது, வாங்கினவங்க அனுப்புங்க, மாத்தித் தரோம்” என்று போடும் அட்மின்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு. அவர்கள் குரூப்பில் ஆட்கள் விலகாமல் இருப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

காசு வாங்கிக்கொண்டு சேலையைப் புகழும் இன்ஸ்டாகிராம் பிரபலங்களுக்கும் விதி இருக்கிறது. பணமோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அது விளம்பரம் என்று எளிய மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதை உங்கள் ரீல்ஸிலேயே எண்ணிப் பாருங்கள்.

பொருளின் பெயரிலும் விளையாட்டு நடக்கிறது. ‘சாஃப்ட் சில்க்’ என்ற பெயரில் வரும் 650 ரூபாய் சேலையில் பட்டு இருக்கும் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பது இன்னும் மோசம். நிஜ நெசவாளியின் கூலியில் கை வைக்கிற வேலை அது. தூய பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் என்று தனித்தனி முத்திரைகள் உண்டு, கேட்டு வாங்கலாம். 1935-ல் தொடங்கிய நம்ம கோ-ஆப்டெக்ஸ், பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் பெயர், புகைப்படம் கொண்ட அட்டையை வைத்துக் கொடுத்தது. ரீசெல்லரின் பெயருக்குப் பின்னால் நெய்தவர் முழுக்க மறைந்துபோகும் ஆன்லைன் பார்சலோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

சட்டம் கைகொடுக்குமா?

ஓரளவுக்குக் கொடுக்கும். கஸ்டமர் நம்பர் விஷயத்தில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பார்சல் அனுப்புவதற்காகக் கொடுத்த நம்பரை அனுமதி இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது. ஆனால் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தவிர, அது கஸ்டமரின் உரிமை. ரீசெல்லரின் வாடிக்கையை அது காப்பாற்றாது.

ஜிஎஸ்டி பக்கம் சின்ன நிம்மதி உண்டு. முன்பு ஆன்லைன் தளத்தில் ஒரே ஒரு பொருள் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்றால் முழுப் பதிவு இல்லாமலே தளங்களில் பொருள் விற்கலாம். தமிழ்நாட்டில் அந்த வரம்பு பொருட்களுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். வெளிமாநிலம் போனால் கதை வேறு.

மற்றதை நீங்களேதான் பேசி முடிக்க வேண்டும். புதிதாக ஒரு உற்பத்தியாளரிடம் சேர்வதாக இருந்தால், ரேட் லிஸ்ட்டைக் கேட்பதற்கு முன்பு டேமேஜ் வந்தால் யார் ஏற்பது, எத்தனை நாளில் காசு வரும் என்று கேளுங்கள். பதிலை வாய்ஸ் நோட்டில் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் பில் கேளுங்கள். முதல் பார்சலை உங்கள் வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ வரவழைத்துப் பிரித்துப் பாருங்கள். உள்ளே விசிட்டிங் கார்டு இருந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், பலர் கேட்காமல் விடுவது. தீபாவளி நேரத்தில் ஒரு டிசைனில் 20 சேலைதான் மிச்சம், ஆர்டர் 50 வந்திருக்கிறது என்றால் யாருடைய ஆர்டர் கேன்சல் ஆகும்? வருடம் முழுக்க வாங்குபவருக்கு முதலிடமா, அன்றைக்கு மொத்தமாகக் கேட்பவருக்கா? ஆவணியிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். புரட்டாசி பாதி தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் போன் எடுக்க ஆள் இருக்காது.